தலையாட்டினால்தான் போகலாம்

பிஸ்கட்டை எடுத்து டப்பாவில் அடுக்குவதில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்கிற மகராசன்களை ஒரே ஒரு நாள் கம்பெனியில் பிஸ்கட் வருகிற அந்தப் பெல்ட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பெல்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சூப்பர்வைசர் பார்த்துத் தலையாட்டினால் போகலாம். ஆட்டாவிட்டால் அடக்கிக்கொண்டு அடுக்க வேண்டியதுதான். கேட்காமல் போனால் அன்றைக்குப் பாதிச் சம்பளம் போச்சு.

அப்படிக் கை தூக்கியே தலை நரைத்தவள் இந்தப் பேக்கிங்காரி. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்து போனால், வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. "உன்னை உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கக்கா" என்றான். அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் சங்கத்துக்காரர்கள் துணையோடு தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். கம்பெனி ஒரே அடியாக அடித்தது: இவள் எங்கள் தொழிலாளியே இல்லை, இஷ்டப்பட்டால் வருவாள், இஷ்டப்பட்டால் போவாள், அடுக்கின டப்பாவுக்குக் காசு வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். தொழிலாளி இல்லை என்று ஆகிவிட்டால் வேலையும் கிடைக்காது, கேட்க நாதியும் கிடையாது.

அதுகூடப் பரவாயில்லை. அவள் தங்கையும் அதே பெல்ட்டில்தான் நிற்கிறாள். புருஷன் செத்துப்போனவள், இரண்டு சின்னப் பிள்ளைகள். விசாரணைக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் தங்கையிடம், "உங்கக்கா நாளைக்கு என்ன பேசுறாங்கன்னு பாத்துட்டு உன்னப் பத்தி யோசிக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்தப் பாழாய்ப்போன சிரிப்பைக் கேள்விப்பட்டதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

நீதிமன்ற வராந்தாவில் புருஷன் அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தான். "வீட்ல என்னைப் பாத்தா மட்டும் பொரிஞ்சு தள்ளுவே. இங்க என்னடி, வாயில கொழுக்கட்டையா?"

"சும்மா இருங்க. பயத்துல வயித்தக் கலக்குது."

"கூப்பிடறதுக்குள்ள ஓடிப் போயிட்டு வந்துடு."

அவள் எழுந்திருக்கவும் உள்ளேயிருந்து கூப்பிடவும் சரியாக இருந்தது.

சின்ன அறை. எதிரே நீதிபதியம்மா, பக்கத்தில் டைப் அடிக்கிற கிளார்க். கம்பெனித் தரப்பு பெஞ்சில் சூப்பர்வைசர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததுமே அவள் தலையைக் குனிந்துகொண்டாள். படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்த சங்கத்து வக்கீல் தலையில் கை வைக்காத குறைதான்.

"உங்க இஷ்டத்துக்குத்தான் வேலைக்கு வருவீங்க, இல்லையாம்மா?" என்றார் கம்பெனி வக்கீல்.

"ஆமாங்க."

"நெனச்சப்ப போவீங்க. யாரும் தடுக்க மாட்டாங்க?"

தங்கை பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. "ஆமாங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வயிறு முறுக்கியது. இனி ஒரு நிமிஷம்கூடத் தாங்காது என்றதும் வலது கை தானாக மேலே போனது. கண் நீதிபதி பக்கம் போகவில்லை. நேரே சூப்பர்வைசரிடம் போய் நின்றது.

அவரும் அவளைப் பார்த்தார். பார்த்து, பழக்க தோஷத்தில், தலையாட்டினார்.

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "யாரைம்மா கேட்டீங்க?"

"சாரைத்தாங்க. பாத்ரூம் போகணும். கேக்காமப் போகக் கூடாதுங்களே."

"இஷ்டத்துக்கு வந்து போறவங்கன்னு சொன்னீங்க" என்று நீதிபதி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "அப்புறம் நீங்க எதுக்குத் தலையாட்டினீங்க?"

சூப்பர்வைசர் காலைக் கீழே இறக்கினார். கம்பெனி வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டோ புரட்டென்று புரட்டினார். கிளார்க்கின் விரல்கள் மட்டும் ஓடின.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. இங்க யாரையும் கேக்க வேணாம்."

அவள் நகரவில்லை. தூக்கின கையும் இறங்கவில்லை. சூப்பர்வைசரின் முகம் கறுத்துப்போனதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் நாளைக்குக் காலையில் தங்கையின் பெல்ட் பக்கம் வந்து நிற்குமே.

"சார், நான் ஒண்ணுமே சொல்லல சார்" என்றாள், அழுகையோடு. "நீங்க சொன்னபடி என் தங்கச்சிய வேலைய விட்டு நிறுத்திடாதீங்க சார்."

டைப் சத்தம் நின்றது. கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

"அதையும் அடிங்க" என்றார் நீதிபதி.