உண்டியலில் விழுந்த புலிக்காசு

இறைவனுக்குப் பொருள் கொடுத்தவரை வாழ்த்துவோர் பலர். அது யாருடைய பொருள் என்று கேட்போர் குறைவு. ஒன்பது வயதில் நான் செலுத்திய காணிக்கையை எங்கள் ஊரார் இன்றும் மெச்சிப் பேசுவதுண்டு. அப்போதெல்லாம் நான் தலைகுனிந்து நிற்பதை அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

தொண்ணூறுகளின் இறுதி அது. ஜெயங்கொண்டத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் இடையே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் எங்கள் சிற்றூர். அப்பா ஊர்ச் சிவன் கோயிலின் தர்மகர்த்தா. பதிகம் ஓதாமல் வாயில் நீர் விடமாட்டார். அவருடைய தம்பியான சித்தப்பா, அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிகளை எடை போடும் வேலையில் இருந்தார். அவர் கோயில் வாசற்படியைத் தாண்டி நான் கண்டதில்லை. ஆனால், மழை பெய்து ஓய்ந்துவிட்டால் உழுத கொல்லைகளில் குனிந்த தலை நிமிராமல் நடந்துகொண்டிருப்பார்.

எங்கள் மண்ணில் மழைக்குப் பின் பழங்காசுகள் தலைகாட்டும். பெரும்பாலும் செம்பு, ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், மேலெல்லாம் பச்சைக் களிம்பு. பிள்ளைகள் அவற்றை வைத்து விளையாடுவோம். பாத்திரக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். சித்தப்பா மட்டும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எந்தக் கொல்லையில் கிடைத்தது, யார் கண்ணில் பட்டது, தட்டார் தராசில் என்ன எடை என்று ஒவ்வொரு காசுக்கும் ஒரு பக்கம்.

"ஏன் தம்பி, ஆபீஸ்லயும் எடை, வூட்டுலயும் எடையா?" என்று அம்மா சிரிப்பார்.

"லாரி எடைய நாளைக்கு ஒருத்தனும் கேக்க மாட்டான் அண்ணி."

அந்த ஆண்டு ஐப்பசியில், ஆடு மேய்க்கும் பெண்மணி ஒருவர் முந்திரிக் கொல்லையில் கிடைத்ததென்று ஒரு காசைக் கொண்டுவந்து கொடுத்தார். செம்பு அன்று, வெள்ளி. நடுவில் அமர்ந்த புலி, அதன் எதிரே இரண்டு மீன்கள், மேலே குடை, சுற்றிலும் எழுத்துகள் இருப்பது தெரிந்தது, ஆனால் இறுகிப்போன மண் அவற்றை மூடியிருந்தது. சித்தப்பா அதைப் பஞ்சில் பொதிந்து, ஒரு பழைய பிலிம் ரோல் டப்பாவில் வைத்தார். திருச்சியில் நாணயங்களை ஆராயும் பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். கார்த்திகை முதல் ஞாயிறன்று தாமே வருவதாகவும், அதுவரை மண்ணைச் சுரண்டாமல் அப்படியே வைத்திருக்கும்படியும் பதில் வந்தது.

"மியூசியத்துல இருக்கற வெள்ளிக்காசு நெறைய, வியாபாரிங்ககிட்ட வாங்குனது. எந்த மண்ணுல கெடச்சுதுன்னு யாருக்கும் தெரியாது. இது இன்ன ஊரு, இன்ன கொல்லைன்னு தெரியும். அத அச்சுல போடப் போறாங்கண்ணே, எம் பேரோட" என்றார் சித்தப்பா. அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"சரித்திரத்துல ரெண்டு தடவ பெயிலானவன், இப்ப சரித்திரமே எழுதப் போறான் பாரு" என்றார் அப்பா. சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் எத்தனை ஆண்டுக் காத்திருப்பு இருந்தது என்பதை அளக்கும் வயது எனக்கு இல்லை.

நானோ வேறொரு கவலையில் இருந்தேன். ஜெயங்கொண்டத்தில் பதிகம் ஒப்புவிக்கும் போட்டி நடக்கவிருந்தது. 'ஒருமுறை கேட்டால் போதும், நெஞ்சில் எழுதிக்கொள்வாள்' என்று ஊரே புகழ்ந்த பிள்ளை நான். ஆயினும் ஐந்தாம் பாடலின் மூன்றாம் அடி வாய்க்கு வந்ததும் மறைந்துபோனது. பெரிதாக ஏதேனும் நேர்ந்துகொண்டால் இறைவன் அந்த அடியைத் திருப்பித் தருவான் என்று தோன்றியது. என்னிடம் இருந்ததோ மிட்டாய்க்குத் தந்த எட்டணா. கங்கைகொண்ட சோழபுரத்தில் அத்தனை உயரக் கோபுரம் எடுத்த அரசனின் காசு, அவன் வணங்கிய இறைவனுக்கே உரியதன்றோ என்று எனக்கு நானே வாதாடி, நானே தீர்ப்பும் சொன்னேன்.

போட்டியன்று காலை டப்பாவைத் திறந்தேன். காணிக்கைப் பொருளைக் கழுவிக் கொடுப்பதே எங்கள் வீட்டு முறை. மஞ்சள் நீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். மண் கரைந்தது, புலியைச் சுற்றி எழுத்துகள் ஒவ்வொன்றாகத் துலங்கின. அவற்றை ஒரு கணம் பார்த்தேன். கோயிலுக்கு ஓடி உண்டியலில் இட்டேன். அன்று மூன்றாம் அடி தடையின்றி வந்தது. எனக்கு முதற்பரிசாக எவர்சில்வர் தட்டு கிடைத்தது.

பேராசிரியர் வருவதற்கு முதல்நாள் சித்தப்பா டப்பாவைத் திறந்தார். பஞ்சு மட்டுமே இருந்தது. வீட்டையே புரட்டினார்கள். "பாப்பா, நீ எடுத்தியா?" என்று அம்மா கேட்டதும், ஒளிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "சாமிக்குப் போட்டுட்டேன்" என்றேன் பெருமையாக.

சித்தப்பா அப்பாவிடம் போனார். "அண்ணே, உண்டியல் சாவி ஒண்ணு ஒங்ககிட்ட இருக்கு, இன்னொண்ணு அறநிலையத்துறை ஆபீசர்கிட்ட. ஒரு மனு எழுதிக் குடுங்க, தெறந்து எடுத்துரலாம்."

"பொண்ணு போட்ட காணிக்கைய அப்பன் திருப்பிக் கேட்டான்னு ஊரு சிரிக்கும்டா. நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"காணிக்கை இல்லண்ணே. அது என் காசு."

"சாமி காசு சாமிகிட்டயே போயிடுச்சு. விடு."

சித்தப்பா உள்ளே போனார். பிறகு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்து, என் முன்னால் தரையில் அமர்ந்தார்.

"நீ கழுவுனப்ப எழுத்து தெரிஞ்சுதா பாப்பா?"

"பளிச்சுன்னு தெரிஞ்சுது சித்தப்பா."

"எப்படி இருந்துச்சு? ஒண்ணு ரெண்டு வந்தாக்கூடப் போதும். வரைஞ்சு காட்டு."

எத்தனையோ நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்து வெளிவந்த அவ்வெழுத்துகளைத் தெளிவாகக் கண்டது, எனக்குத் தெரிந்தவரை, இரண்டு கண்கள்தாம். அவை என்னுடையவை. நூறு பதிகங்களைச் சுமந்த நெஞ்சில் அவற்றில் ஒன்றுகூடத் தங்கவில்லை. புலியை வரைந்தேன்; பூனையாக வந்தது. மீன்களை வரைந்தேன். எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் சில சுழிகளைப் போட்டேன். சித்தப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீனு நல்லா வந்திருக்கு" என்றார்.

தை மாதம் முறைப்படி உண்டியல் திறந்த நாளில், அவர் முதன்முறையாகக் கோயிலுக்குள் வந்தார். ஒதுக்கிப் போட்ட செல்லாக் காசுகளைக் காலையிலிருந்து மாலைவரை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அது அங்கே இல்லை. எந்த இடுக்கில் புகுந்ததோ, எவர் கையோடு போனதோ, இன்றளவும் தெரியாது. வந்ததே வந்தார், சந்நிதியில் நின்று கும்பிட்டுவிட்டும் போனார். தம்பி திருந்திவிட்டான் என்று அப்பா மகிழ்ந்தார். அந்த நோட்டுப் புத்தகத்தில் பிறகு ஒரு பக்கமும் எழுதப்படவில்லை.

இது பின்னர் நடந்தது. என் நெஞ்சை அறுப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். பேராசிரியர் இரண்டு பஸ் மாறி, கேமராப் பையும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாக வந்து சேர்ந்தார். அம்மா காபி கொடுத்தார். எதிரே அப்பா அமர்ந்திருந்தார். நான் கதவோரம், என்னைப் பற்றி நல்லபடியாக ஏதேனும் சொல்லுவார்கள் என்று காத்து நின்றேன்.

"காசப் பாக்கலாங்களா?"

"தொலைஞ்சு போச்சு சார்" என்றார் சித்தப்பா. "என் கவனக்கொறவுதான்."

அப்பா சுவரைப் பார்த்தார்.

"யாராச்சும் வியாபாரி வந்தாங்களா? வித்திருந்தா சொல்லிடுங்க, தப்பா நெனைக்க மாட்டேன். யாருகிட்டன்னு தெரிஞ்சா ஒரு போட்டோவாவது எடுத்துக்குவேன்."

"விக்கலைங்க சார்."

பேராசிரியர் அதற்குமேல் கேட்கவில்லை. சித்தப்பா நீட்டிய நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களைப் புரட்டி, மெதுவாக மூடித் திருப்பிக் கொடுத்தார். காபி பாதி அப்படியே இருந்தது. சித்தப்பா கேமராப் பையைத் தாமே தூக்கிக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை அவருக்குப் பின்னால் நடந்து போனார்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. காசு தொலையவில்லை, இறைவனிடம் பத்திரமாக இருக்கிறது. அது தெரிந்தும் சித்தப்பா பெரிய மனிதர் ஒருவரிடம் பொய் சொல்லிவிட்டார். பொய் சொல்வது பாவம் என்று எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள்.

அன்று மாலை அம்மா விளக்கேற்றியதும், கண்களை இறுக மூடி, கைகளைக் குவித்து, சித்தப்பாவின் பாவத்தை மன்னித்தருள வேண்டும் என்று இறைவனை மனமுருகி வேண்டிக்கொண்டேன்.