மதினி நிலவைப் பார்க்கவில்லை

கிரகணம் விட்டு அம்மா வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போன் செய்தான். நான்தான் எடுத்தேன். "பாப்பா, மதினி போயிருச்சு" என்றான். வயிற்றிலிருந்த பிள்ளையும் பிழைக்கவில்லை.

செக்கானூரணியில் மதினியோடு வளர்ந்தவர்களுக்காக இதை நோட்டில் எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறார். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் செல்போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறேன்.

விளாங்குடிக்கு எங்கள் வீட்டு மருமகளாக வந்த பிறகு, என் அறிவியல் புத்தகத்தை என்னைவிட ஆசையாகப் படித்தவர் அவர்தான். மாடியில் துணி எடுக்கும்போது ஒவ்வொரு சொல்லாகக் கேட்பார். மின்னினால் விண்மீன், மின்னாமல் நின்றால் அநேகமாகக் கோள், கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது என்று சொன்னேன்.

"அப்ப உங்கண்ணே கோளு. வெளிச்சமெல்லாம் அத்தை குடுக்குறது" என்றார்.

கீழேயிருந்து அம்மா, "அங்க என்னடி சிரிப்பு?" என்றார்.

"பாடம் படிக்கிறோம் அத்தை."

சந்திர கிரகணம் என்பது நிலவின் மேல் விழும் பூமியின் நிழல் என்று சொன்னபோது, "நெழலுக்கா இம்புட்டுப் பயம்?" என்று கேட்டார்.

கிரகணத்தன்று மத்தியானமே அவருக்குத் தலைவலி. கால்கள் வீங்கியிருந்தன. கண் மங்குகிறது என்றார். அண்ணன் ஆட்டோ பிடிக்கக் கிளம்பினான். மத்தியானத்திலேயே கிரகணம் பிடித்துவிடும் என்று காலண்டரில் போட்டிருந்தது. அம்மா வாசலை மறித்தார். "வகுத்துப் புள்ளைக்காரிய கிரகணத்துல வெளிய கூட்டிட்டுப் போவாகளா? விடட்டும்டா."

சன்னலில் போர்வையைக் கட்டினார்கள். மதினிக்குத் துணையாக நான் உள்ளே இருந்தேன்.

"நெலா இப்ப எங்க இருக்கு பாப்பா?"

"இன்னும் ஏறல மதினி. பொழுது அடையும்போதுதான் ஏறும். அடிவானத்துக்குக் கீழ இருக்கு."

"அடிவானம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நம்ம வீட்டுக் கதவத்தான் அதுக்கு முன்னாடியே அடைச்சிட்டாக."

வெயில் இறங்கும் முன்பே அவருக்கு வலிப்பு வந்தது. அதன் பிறகுதான் கதவு திறந்தது.

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், மதினி சன்னல் வழியே நிலவைப் பார்த்துவிட்டார் என்று அம்மா சொல்கிறார். நேற்று மதினியின் அம்மா வந்து என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மக பாத்திருக்கக் கூடாது, மன்னிச்சிருங்க" என்று அழுதார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி கடைசியாகக் கற்றுக்கொண்ட சொல் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. விடிந்ததும் இதைப் படமெடுத்து மதினியின் தங்கைக்கு அனுப்புவேன். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. இருந்தாலும், மதினியின் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் மகள் எதையும் பார்க்கவில்லை. அவர் விழுந்தபோது வானத்தில் நிலவே இல்லை.