காந்தாவும் மஞ்சள் சேலைப் படமும்

பட்டுச் சேலையில் பாயசம் கொட்டிவிட்டால் பிள்ளையார்பாளையத்தில் யாரும் பதறுவதில்லை. காந்தா வீட்டுக்கு நடையைக் கட்டுவார்கள். காபியோ, குங்குமமோ, சாம்பாரோ, காந்தா முதலில் செய்வது ஒன்றுதான். இடுப்பில் செருகிக்கொள்ளும் பக்கத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், கறை எடுக்கும் மருந்தில் ஒரு சொட்டு வைத்துப் பஞ்சால் ஒற்றிப் பார்ப்பாள். பஞ்சில் சாயம் இறங்கினால் சேலையை மடித்து உடையவர் கையில் கொடுத்துவிடுவாள். எந்தப் பெரிய வீட்டுச் சேலையானாலும் அதே சட்டம்தான்.

இந்தச் சட்டம் பிறந்த கதை காந்தாவுக்குப் பிடிக்காத கதை. அவள் நாத்தனார் ரேவதிக்கோ உலகத்திலேயே பிடித்த கதை. இருபத்து நான்கு வருடங்களுக்கு முன், கல்யாணம் முடிந்த கையோடு, ரேவதியின் முகூர்த்தப் புடவையில் சந்தனம் அப்பிக்கொண்டது. மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். அண்ணன் தணிகாசலம் தன் தறியிலேயே நெய்து கொடுத்தது. புது மருமகளான காந்தா, தொழில் பழகிய வேகத்தில், ஒற்றிப் பார்க்காமல் மருந்தை ஊற்றினாள். சந்தனம் போயிற்று. ஆனால் பார்டரின் சிவப்பு ஓடிவந்து மஞ்சளில் உள்ளங்கை அகலத்துக்கு உட்கார்ந்துகொண்டது. பயந்துபோய் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மடித்துக் கொடுத்துவிட்டாள். ரேவதி அதை மாமியார் வீட்டில் நாலு பேர் முன்னால் விரித்தாள்.

அன்றிலிருந்து வளைகாப்பு, காதுகுத்து எதுவானாலும் பந்தியில் ரேவதி இந்தக் கதையையும் சேர்த்துப் பரிமாறுவாள். தணிகாசலம் குனிந்த தலை நிமிராமல் அப்பளத்தை நொறுக்குவார். ஊர்ச் சேலைகளையெல்லாம் காப்பாற்றிய காந்தாவுக்கு, நாத்தனார் வாயிலிருந்து ஒரே ஒரு ‘நல்லா இருக்குது’ வந்துவிடாதா என்று ஏக்கம். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

அப்பேர்ப்பட்ட ரேவதி போன ஆவணியில் ஒரு எண்ணெய்ச் சாயப் படத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பூத்தொடுக்கும் பெண் ஒருத்தியின் படம்.

“ஷாஹித்தோட பழைய சாமான் கடையில வாங்கினேன் அண்ணி. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசத்துக்கு ஹால்ல மாட்டணும். அழுக்கு படிஞ்சிக்கினு இருக்குது, லேசா துடைச்சுக் குடுங்க. லேசா!” என்றாள். “சேலை கலரைப் பாருங்க. அப்படியே என் முகூர்த்தப் புடவை. அதுக்காகத்தான் வாங்கினேன்.”

மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். வீட்டுச் சுவரிலும் மாட்டி வைத்துக் கதை சொல்லப் போகிறாள் என்று காந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துடைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். படத்தின் கீழ்ப்பக்கம், அதை வரைந்திருந்த துணி சுருங்கியிருந்தது. துணியோடு வாழ்கிறவளுக்குச் சுருக்கத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? மரச்சட்டத்தைக் கழற்றிப் படத்தைக் குப்புறப் போட்டாள். ஈர மல் துணியை விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டாள். நல்ல பட்டுக்கு அதுதான் முறை. திருப்பினால், சுருக்கத்தைக் காணோம். பெண்ணின் கால்களையும் காணோம். முழங்காலுக்குக் கீழே பால் கொட்டினாற்போல் வெள்ளை பூத்திருந்தது.

உடனே ஷாஹித்துக்குப் போன் போட்டாள். வந்து பார்த்தவன் சிரித்தான்.

“படம் கெடலைக்கா. மேல பூசின வார்னிஷ்தான் பூத்துப் போச்சு. பாலிஷ் போட்ட மேசையில சூடா டம்ளர் வெச்சா வெள்ளையா வட்டம் விழுமே, அது மாதிரி. வார்னிஷை எடுத்துட்டா அடியில படம் பத்திரமா இருக்கும்.”

“நீ எடுப்பியா?”

“மேசைன்னா எடுப்பேன். படத்துக்கு உங்க கைதான் லேசுக்கா.”

இரண்டு பாட்டில் மருந்தை வைத்துவிட்டு நழுவினான். காந்தா படத்துக்கும் ஒரு இடுப்புச் செருகல் கண்டுபிடித்தாள். சட்டம் மறைக்கும் ஓரம். முதல் மருந்துக்கு வார்னிஷ் அசையவில்லை. இரண்டாவதற்குப் பஞ்சு டிகாஷன் நிறத்தில் வந்தது. ஓரத்து அரக்கு அரக்காகவே இருந்தது. சாயம் போகவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலகலம் விரலகலமாக ஒற்றினாள். பால் வெள்ளை மறைந்து கால்கள் வந்தன. கூடவே சேலையின் மஞ்சளும் போய்விட்டது! அடியில் இருந்தது தும்பைப்பூ வெள்ளைச் சேலை. மஞ்சள் முழுக்க வருடக்கணக்கில் பழுத்துப்போன வார்னிஷ்தான். இப்போது முழங்காலுக்குக் கீழே வெள்ளை, மேலே மஞ்சள்.

தணிகாசலம் எட்டிப் பார்த்தார். “ரெண்டு கலர்தான் இப்போ ஃபேஷன்னு சொல்லிடேன்.”

“சும்மா இருங்கபா” என்று சீறினாள் காந்தா. அழுகை முட்டியது. இன்னும் இருபத்து நான்கு வருடம் சொல்ல ரேவதிக்குப் புதுக் கதை கிடைத்துவிட்டது. படத்தைத் துணியில் சுற்றி, அவிழ்க்கும்போது அவிழ்க்கட்டும் என்று விட்டுவிட ஒரு நிமிடம் மனம் வந்தது. முன்பு அப்படித்தான் மடித்துக் கொடுத்தாள். இந்தத் தடவை நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

ரேவதி வந்ததும் பஞ்சுக் கிண்ணத்தை முன்னால் வைத்தாள். “இஸ்திரி போட்டது என் தப்பு. நீ கேட்ட மஞ்சள் படத்துல கிடையாது ரேவதி, இதோ இதுல இருக்குது. மீதியையும் எடுக்கணுமா வேணாமான்னு நீயே சொல்லு.”

ரேவதி கிண்ணத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். கிண்ணத்திலிருந்து ஒரு பஞ்சை எடுத்துப் படத்தின் மஞ்சளோடு வைத்துப் பார்த்தாள்.

“மேலயும் எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் படம் தயாராக இருந்தது. ஜன்னலில் நீல வானம் வந்திருந்தது. மடியில் கிடந்த சருகெல்லாம் மல்லிகை மொட்டாகியிருந்தது. ரேவதி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். காந்தா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ‘நல்லா இருக்குது’ வரவில்லை. ரேவதி கட்டைப்பையிலிருந்து ஒரு வேட்டி மூட்டையை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே மாம்பழ மஞ்சள் முகூர்த்தப் புடவை, உள்ளங்கை அகலச் சிவப்போடு.

“படத்துல மஞ்சளை எடுத்தீங்களே அண்ணி, இதுல இந்தச் சிகப்பு போவுதா பாருங்க.”

காந்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புடவையில் விழாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு இடுப்பில் செருகும் பக்கத்தைத் தேடி எடுத்து, ஒரு சொட்டு வைத்து, பஞ்சால் ஒற்றினாள்.