மேலாளருக்கு ஒரு மடி

ஜெராக்ஸ் இயந்திரத்துக்காகப் புதிய தாள் கட்டு ஒன்றைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் சிரிப்பு வந்துவிடுகிறது. நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டிய எங்கள் அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் போட்டுவைக்கும் அறை ஒன்று உண்டு. ஒருநாள் மதிய உணவு நேரத்தில் ஏதோ கோப்பைத் தேடிக்கொண்டு அதன் கதவைத் திறந்தேன். தரையில் விரித்த செய்தித்தாளின்மேல் எங்கள் மேலாளர் மல்லாந்து கிடந்தார். உள்ளங்கால்கள் இரண்டும் ஒட்டியிருக்க, முழங்கால்கள் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்திருந்தன. ஒவ்வொரு தொடைமேலும் பிரிக்காத தாள் கட்டு ஒன்று. சரிந்துவிடாமல் இருக்க அவற்றைத் துண்டால் கட்டியும் வைத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. மாதாவே என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "கதவச் சாத்திண்டு போங்கோ மேடம், ஏசி வெளில போறது," என்றார்.

அந்த மனிதர் ஓர் இடத்தில் அசையாமல் கிடந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, அது வந்து சேர்வதற்குள் மாடிப்படியில் பாதி ஏறியிருப்பவர் அவர். மின்னஞ்சல் அனுப்பிய கையோடு தொலைபேசியில் கூப்பிட்டு "மெயில் பாத்தேளா?" என்பார், நாம் எடுக்கத் தாமதித்தால் மேஜைக்கு முன்னாலேயே வந்து நிற்பார். கெட்டவர் இல்லை. எங்களில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் மருத்துவமனைக்கு முதலில் ஓடி வருபவர் அவர்தான். அங்கேயும் கட்டிலில் கிடப்பவரை ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு, "எப்போ டிஸ்சார்ஜ்?" என்று நர்ஸைத் துளைத்தெடுக்க ஆரம்பித்துவிடுவார்.

அவருக்கு ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மயிலாப்பூரில் இருக்கும் அவர்கள் வீட்டு வழக்கப்படி, தாலி கட்டும் நேரத்தில் பெண்ணைப் பெற்றவர் நெல் மூட்டைமேல் சம்மணமிட்டு உட்கார வேண்டும். மணப்பெண் அவர் மடியில் உட்கார்ந்து தாலி கட்டிக்கொள்வாள். சிக்கல் அங்கேதான். வருஷக்கணக்கில் சுழல் நாற்காலியிலும் காரிலுமே உட்கார்ந்து மேலாளரின் இடுப்பு இறுகிப்போயிருந்தது. சம்மணம் போட்டால் முழங்கால்கள் இரண்டும் காதோரம் வந்து நிற்கும். அப்படி உட்கார்ந்தவருக்கு மடி ஏது? ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம், தோஷமில்லை என்றார் புரோகிதர். அண்ணாவுக்குப் பதில் நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்று அவர் தம்பியும் முன்வந்தார். இவர் எதற்கும் மசியவில்லை. சடங்கு, சாஸ்திரம் என்று அதிகம் அலட்டிக்கொள்ளாதவர் இந்த ஒன்றில் மட்டும் ஏன் இப்படி அடம்பிடிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் அவரே சொன்னார். "சின்னவளா இருந்தப்போ அவ தூங்கினதெல்லாம் என் மடியிலதான் மேடம். அப்பறம் நான் ஆபீஸ் ஆபீஸ்னு ஓடிண்டே இருந்துட்டேன். அவ எப்போ வளந்தான்னே தெரியல. இது ஒரு தடவதான் வரும்." அதிகாரம் செய்தே பழகிய அந்தக் குரல் அன்று கம்மிப்போயிருந்தது.

இதை அவர் என்னிடம் சொன்னதற்குக் காரணம் என் கழுத்துவலி. சாந்தோமில் பிறந்து, கோயிலில் மணிக்கணக்கில் மண்டியிட்டே வளர்ந்தவள் நான். முழங்கால் எனக்கு ஒரு நாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. கழுத்துதான் கணினிக்குக் காணிக்கையாகிவிட்டது. அதற்காகக் கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் நடந்த யின் யோகா வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பை நடத்தியவர் ராயப்பேட்டைக்காரர், வீட்டில் உருது பேசுபவர், பிசியோதெரபி படித்தவர். பின்னாளில் ஒரு புத்த பிக்குவிடம் தியானமும் கற்றுக்கொண்டிருந்தார். டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு எங்கள் மேலாளரின் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருந்தால் அதிகம். யின் யோகாவில் வியர்க்க வேண்டியதில்லை. தலையணைகளை அண்டக்கொடுத்து ஒரு நிலையில் உடம்பைக் கிடத்திவிட்டு, சில நிமிடங்கள் அப்படியே விட்டுவிட வேண்டும். இழுப்பு தெரிகிற இடம் வரை போகலாம். அதற்குமேல் முட்டி மோதக் கூடாது. மூச்சு அதன்பாட்டுக்குப் போய்வர, இறுகிய மூட்டு தானே இளகும். சீனர்கள் 'சி' என்று சொல்லும் உயிர்விசை அப்போதுதான் தடையில்லாமல் ஓடும் என்பார் டீச்சர்.

மேலாளரை அங்கே அழைத்துப்போன முதல் மாலையை நான் மறக்க மாட்டேன். எல்லோரும் கண்மூடிக் கிடக்கிற அறையில் இவர் மட்டும் தலையைத் தூக்கித் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மூச்ச இடுப்புப் பக்கம் அனுப்புங்க சார்," என்றார் டீச்சர். "அனுப்பிட்டேன். போய்ச் சேந்துதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் மேலாளர். அறையே குலுங்கிச் சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "போய்ச் சேந்தா அதுவே சொல்லும். நீங்க போன் பண்ண வேணாம்," என்றார். அதன் பிறகும் வாரந்தோறும் வகுப்பு முடிந்ததும் தன் முழங்காலுக்கும் தரைக்கும் இடையில் கையை விட்டு, இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து பார்ப்பார். குறையவில்லை என்றால் முகம் வாடிவிடும். பாக்கி நிற்கும் வேலையைப் பார்க்கிற கண்ணால்தான் தன் இடுப்பையும் பார்த்தார் என்று எனக்குத் தோன்றும்.

கல்யாணம் நெருங்க நெருங்க அவருக்குப் பொறுமை இல்லை. உடம்பு தானாக இளகுவதற்குக் காத்திருக்காமல், தொடைமேல் பாரம் ஏற்றி அழுத்தினால் வேலை சீக்கிரம் முடியும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். நான் பார்த்த தாள் கட்டுகள் அந்த ஞானத்தில் வந்தவைதான். வேண்டாம் சார் என்று சொல்லிப் பார்த்தேன். மறுநாள் பக்கத்துக்கு இரண்டு கட்டு ஆனது. அதற்கடுத்த நாள் கோப்பு அறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. உள்தொடைத் தசை பிடித்துக்கொண்டு, நானும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கித்தான் அவரை வெளியே கொண்டுவந்தோம். "இன்னா மேடம் இது, காயிதம் தூக்கிக்கூடவா கால் புட்சிக்கும்?" என்று வாட்ச்மேன் வழி நெடுக வியந்துகொண்டே வந்தார்.  காரில் ஏறி உட்கார்ந்த பிறகு மேலாளர், "தம்பிக்குச் சொல்லிடறேன். அவனே உக்காந்துக்கட்டும்," என்று மட்டும் சொன்னார். 

டீச்சர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் இந்தக் காலை மறந்துடுங்க சார். ஆசனமே வேணாம். நாற்காலியில உக்காந்து மூச்ச மட்டும் பாருங்க. உள்ள வருதா, தெரிஞ்சுக்குங்க. வெளிய போவுதா, தெரிஞ்சுக்குங்க. அத மாத்தணும்னு மட்டும் நினைக்காதீங்க," என்றார். வேறு வழியில்லாததால்தான் மேலாளர் அதைச் செய்தார் என்று நினைக்கிறேன். காலையில் கணினி விழித்துக்கொள்ளும் வரை விசைகளைத் தட்டிக்கொண்டிருப்பவர், கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நந்தனம் சிக்னலில் கார் நின்றபோது அவர் ஆரன் அடிக்கச் சொல்லவில்லை என்பதை அவருடைய ஓட்டுநர் எங்களிடம் ஒரு செய்தியாகவே வந்து சொன்னார். கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்த வாட்ச்மேன், "சாரு இன்னும் தூங்கிக்கினு கீறாரா?" என்று ரகசியமாக விசாரிப்பார். ஒரு மாலை நான் ஏதோ சொல்ல அறைக்குள் போனபோது ஒரு டம்ளர் காபியை உட்கார்ந்து, நிதானமாக, கடைசி வாய் வரை குடித்துக்கொண்டிருந்தார். "இந்தக் காபி நன்னாருக்கு மேடம். எங்கேர்ந்து வரது?" என்றார். எத்தனையோ வருஷமாக ஒரே கடையிலிருந்துதான் எங்கள் அலுவலகத்துக்குக் காபி வந்துகொண்டிருந்தது.

தசை ஆறிய பிறகு மறுபடி வகுப்புக்கு வந்தார். கடிகாரம் பக்கம் திரும்பவில்லை. கையை விட்டு அளக்கவுமில்லை. உள்ளங்கால்களை ஒட்டிவைத்து, ஒவ்வொரு முழங்காலுக்கும் கீழே இரண்டிரண்டு தலையணை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். நான் கழுத்தைச் சாய்த்தபடி அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் சத்தமில்லாமல் வந்து குனிந்து, பக்கத்துக்கு ஒரு தலையணையை மெல்ல உருவினார். முழங்கால்கள் அடுத்த தலையணைக்கு இறங்கி அமர்ந்தன. மேலாளர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இன்னும் சிறிது நேரம் கழித்து மற்றதையும் உருவினார். மணி ஒலித்து மேலாளர் கண்ணைத் திறந்தபோது டீச்சர் நான்கு தலையணைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு எதிரில் நின்றார். மேலாளர் தலையணைகளைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், மறுபடி தலையணைகளைப் பார்த்தார். அதற்குப் பின் சின்னப் பையன் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், வகுப்பில் இருந்த அத்தனை பேரும் கையைத் தட்டிவிட்டோம். அமைதிக்காக நடத்தும் வகுப்பில் அப்படி ஒரு இரைச்சல் அதற்கு முன்பு எழுந்திருக்காது.

கல்யாணத்தன்று டீச்சரும் நானும் மேடைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டோம். எதற்கும் இருக்கட்டும் என்று புரோகிதர் ஒரு ஸ்டூலை ஓரமாக வைத்திருந்தார். தம்பியும் பஞ்சகச்சத்தோடு தயாராக நின்றார். மேலாளர் நெல் மூட்டைமேல் ஏறி, அவசரமில்லாமல் ஒரு காலை மடக்கி, மற்றதையும் மடக்கி உட்கார்ந்தார். முழங்கால்கள் முழுதாகப் படியவில்லை. ஆனாலும் அங்கே ஒரு மடி இருந்தது. டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார். கூரைப்புடவையில் வந்த மகள் அப்பா மடியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். எனக்கு அவள் கால் தெரிந்தது. அப்பாவின் தொடை பிடித்துக்கொண்ட கதை முழுக்கத் தெரிந்த பெண் அவள். தன் கனம் அவர்மேல் விழுந்துவிடக் கூடாது என்று கால்விரல்களைத் தரையில் ஊன்றி, பக்கத்தில் நின்ற அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு, உட்காராமல் உட்கார்ந்திருந்தாள். மருதாணி பூசிய குதிகால்கள் இரண்டும் தரையைத் தொடாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. மந்திரம் நீண்டுகொண்டே போனது. அவள் நெற்றியில் வியர்வை அரும்பியது.

மேலாளருக்கு அது தெரிந்துவிட்டது. மடியில் எவ்வளவு கனம் இறங்கியிருக்கிறது என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதா? மகளின் காதருகில் குனிந்தார். "நன்னா உக்காந்துக்கோடி கண்ணா. முழுசா உக்காரு. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார். அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சை நிதானமாக உள்ளே வாங்கி, நிதானமாக வெளியே விட்டார். அம்மாவின் கையைப் பற்றியிருந்த அவள் விரல்கள் தளர்ந்தன. கெட்டிமேளம் முழங்கிற்று. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள். தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு குதிகால்களும் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.