பத்து மணிப் பால்

என் மூத்த மகளுக்கு அப்போது நான்கு மாதம். பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். நாடு சுதந்திரம் பெற்று ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். காலையில் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு ஏறுவோம். பத்து மணிக்கு இறங்கிப் போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புவோம். எழுதிவைத்த சட்டம் இல்லை அது. எங்கள் தாய்மார் காலத்திலிருந்தே அப்படித்தான்.

தோட்டத்தை நடத்தப் புதிதாக ஒரு துரை வந்தார். பால் கொடுக்கிற சாக்கில் பொம்பளைகள் நேரத்தைப் போக்குகிறார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும். இனி மத்தியானம் கொழுந்து எடை போட்ட பிறகுதான் இறங்கலாம் என்று உத்தரவு வந்தது. அதைக் கொண்டுவந்து சொன்ன கங்காணி என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா. சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. மழை வேறு. சட்டையில் ஊறியிருந்தது மழையா பாலா என்று தெரியவில்லை. உடம்பு கொதித்தது. நிரை முடிகிற இடத்தில் கூடையை இறக்கி வைத்தேன்.

“மாமா, நான் போயிட்டு வந்துர்றேன்.”

“எறங்குனா இன்னைக்கு அரைப் பேருதான். சொல்லிட்டேன்.”

அரைப் பேர் என்றால் பாதிநாள் சம்பளம். நான் பேசாமல் இறங்கினேன். அதைத் துணிச்சல் என்று பிற்பாடு சொன்னார்கள். உண்மையில் வலியில் வாய் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பாதி வழியில் பின்னால் காலடி கேட்டது. மாமாதான் துரத்திக்கொண்டு வருகிறார் என்று திரும்பினேன். பதினோரு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், எல்லாரும் பிள்ளைக்காரிகள். நான் நின்றதும் அவர்களும் நின்றுவிட்டார்கள். அப்போது எனக்கு வந்தது பெருமை இல்லை, பயம். என் பிள்ளைக்காக இறங்கியவள் நான். இத்தனை பேருடைய அரைப் பேரும் என் தலையில் வந்து விழும் என்று அதுவரை நினைக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் வழிவிட்டார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு அக்கா, முதல்நாள் வரை என்னை ‘வாடி, போடி’ என்றவள், “நாளைக்கு என்னங்க செய்யப் போறோம்?” என்று கேட்டாள். அந்த ‘ங்க’ என்னை ஊசி மாதிரி குத்தியது. நாளைக்கு என்ன என்று எனக்கே தெரியாது. வீட்டில் ரொட்டி சுடும்போது இரண்டைக் கருக்கிவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் வாசல்வரை போய்த் திரும்பினேன். நாங்கள் இருந்த காம்பராவே பத்தடிதான், எவ்வளவு நடக்க முடியும்? என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நீங்களே போய்ப் பேசிட்டு வாங்க என்று எல்லாரும் தள்ளிவிட்டார்கள். தனியாகப் போனேன். துரை பத்து நிமிஷம் தருவதாகச் சொன்னார். ஒரு நேரத்துக்கு இரண்டு பேர்தான் இறங்க வேண்டும். “சரிங்க தொரை” என்றேன். அந்த இடத்தைவிட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. ஆனால் திரும்பும்போது ஜெயித்துவிட்ட நினைப்பில் பாதி ஓட்டமாகத்தான் வந்தேன்.

பிள்ளைக்காம்பரா வாசலில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். மேல்மலையில் பறிக்கிற ஒருத்தி, பெருங்குரல்காரி, பிள்ளையை மடியிலிருந்து எடுக்காமலே கேட்டாள்:

“எங்க மலையில இருந்து எறங்கவே இருவது நிமிசம் ஆவும். யாரக் கேட்டு சரின்னு சொன்னே?”

நான் பறித்த மலை பிள்ளைக்காம்பராவுக்கு நேர் மேலே. என் கால் தூரத்தை மட்டுமே மனதில் வைத்துப் பேசிவிட்டு வந்திருந்தேன்.

ராகலையில் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிடலாம் என்று துணிகூட மடித்தேன். பேசாமல் தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவரிடம் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அவருக்கோ பால் என்ற வார்த்தையைச் சொல்லவே கூச்சம். காலையில் வேலைக்குப் பேரைப் பதிந்துகொண்டு மலை ஏறும்போதும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மேல்மலைக்கு ஏறினேன். கவ்வாத்து வெட்டிய குச்சிகள் காலில் குத்தின. அந்தப் பாதையில் அவள் தினமும் மார்வலியோடு இறங்கி ஏறியிருக்கிறாள். வேர்த்து, மூச்சு வாங்கி, அவள் குடியிருந்த லயத்து வாசலில் போய் நின்றேன். நான் சொல்லிவிட்டு வந்தது தப்பு என்றேன். அவள் உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை.

பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். அரைமணி நேரம் வேண்டும் என்றார்கள் சிலர். நாங்கள் இறங்குவதற்குப் பதில் பிள்ளைகளை மேலே கொண்டுவந்தால் என்ன, மேல்மலைக்கு ஒரு கொட்டகையும் இன்னொரு ஆயாவும் போதுமே என்று ஒருத்தி சொன்னாள். கூட்டத்தில் வாயே திறக்காதவள் அவள். எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் அது தோன்றியிருக்காது.

இந்தத் தடவை மூன்று பேராகப் போனோம். பெருங்குரல்காரியையும் கொட்டகை யோசனை சொன்னவளையும் கூப்பிட்டேன். முன்னால் ஒத்துக்கொண்டவளே வந்து நிற்பதைப் பார்த்துத் துரைக்குக் கோபம். மழைத் தூறலில் மத்தியானம் வரை ஆபீஸ் வாசலில் நிறுத்திவைத்தார். உள்ளே போனதும் நான்தான் முதலில் பேசினேன்.

“அன்னைக்கு நான் சரின்னு சொன்னது தப்புங்க தொரை. நான் யாரையும் கேக்காம சொல்லிட்டேன்.”

மலையைவிட்டு இறங்கியதைவிட இதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மற்றதையெல்லாம் பெருங்குரல்காரியே பேசினாள். நாங்கள் மூவரும் கூடையைத் தொடாவிட்டால் மலையில் ஒருத்தியும் தொடமாட்டாள் என்று முடித்தாள். அதை நாங்கள் பேசிவைத்துக்கொண்டு போகவில்லை. நான் அவளைத் திரும்பிப் பார்க்காமல் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அரைமணி நேரம் கிடைத்தது. மேல்மலைக் கொட்டகை ஐந்தாறு மாதம் கழித்து வந்தது. தகரக் கூரை, முதல் மழைக்கே ஒழுகியது. அந்த முதல்நாள் அரைப் பேரை மட்டும் முழுப் பேராக்க மறுத்துவிட்டார்கள். மாமா அதற்குப் பிறகு வேலைக்கு வேண்டியதைத் தவிர என்னிடம் பேசியதில்லை. என் இரண்டாவது பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று அத்தை மட்டும் வந்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம் சங்கத்தில் பெண்களுக்கு ஒரு தலைவி வைத்தார்கள். என் பேரையும் பெருங்குரல்காரியின் பேரையும் சொன்னார்கள். நான் அவளுக்குக் கை தூக்கினேன், அவள்தான் ஆனாள். பாரம் இறங்கியது என்று நினைத்தேன். உள்ளே எங்கோ வலிக்கவும் செய்தது, அதை மறைப்பானேன். இரண்டு நாள் கழித்து கடைசி லயத்தில் ஒரு பெண்ணை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நமக்கென்ன, தலைவி இருக்கிறாளே என்று அடுப்பை மூட்டினேன். அரிசி கொதிப்பதற்குள் அதை இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன்.