கவாத்துப் பரீட்சை

சத்தம் போட்டால் போதும் என்று நினைத்தேன். அதுதான் என் முதல் முட்டாள்தனம். கடற்படையில் பதவி உயர்வுப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தபோது எழுத்துத் தாளை நினைத்துத்தான் பயந்தேன். கவாத்துப் பகுதியைப் பற்றிக் கவலையே இல்லை. பன்னிரண்டு பேரை வரிசையில் நடக்கவிட்டு, சொன்ன இடத்தில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதானே? நான் பிரிக்பீல்ட்ஸில் தும்மினால் முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கிள்ளானில் பஸ் நிற்கும் என்று கூட்டாளிகள் சொல்வார்கள். இப்படி ஒரு தொண்டையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேரை நிறுத்த முடியாதா?

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. கடற்படையில் இருபது வருடம். அதில் கடலைப் பார்த்ததைவிட ஸ்டோர் சுவரைப் பார்த்ததுதான் அதிகம். கயிறு, பெயிண்ட், பூட்ஸ் எடுத்துக் கொடுத்தே காலம் ஓடிவிட்டது. பதவி லஸ்கார் கானான், மலாயில் மூத்த மாலுமி. அடுத்த படி பிந்தாரா மூடா. அந்தப் படியில் ஏறாவிட்டால் சேவைக் காலம் முடிந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

இதில் என்னைவிட என் மச்சானுக்குத்தான் அதிக அக்கறை. என் மனைவியின் தம்பி. சுங்கை வே தொழிற்சாலைகளுக்குக் காவலாளிகளை அனுப்பும் சின்னக் கம்பெனி வைத்திருக்கிறான். ஒரு நாள் பிளாஸ்டிக் பையோடு வந்து, உள்ளேயிருந்து ஒரு செக்யூரிட்டி சட்டையை உதறினான்.

"மச்சான், டபுள் எக்ஸெல். பொத்தான் போடறப்ப மட்டும் மூச்ச இழுத்துக்குங்க."

"இன்னும் பரீட்சையே முடியலடா."

"அதான் இப்பவே கொண்டாந்தேன். அப்புறம் அழுதுக்கிட்டு வந்தா சைஸ் கிடைக்காது லா."

ஹாலில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். நான் அதை எடுக்கவில்லை. தொங்கட்டும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

துறைமுகத்துப் பக்கம் இருந்த எங்கள் தளத்தில் முதல் ஒத்திகை நடந்தது. பயிற்சி கொடுத்த சீஃப் மலாய்க்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "செப்பாட் ஜாலான்!" என்று நான் கத்தியதும் பன்னிரண்டு பேரும் ஒரே வீச்சில் கிளம்பினார்கள். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் நடக்கிறார்களே என்று நின்று ரசித்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. நிறுத்துவதற்கு "ஹெந்தி" என்று சொல்ல வேண்டும். அதுவும் கால் சரியாகத் தரையில் விழும் நேரம் பார்த்து. கால்களைப் பார்த்தேன். இருபத்து நான்கு கால்கள். எது இடது, எது வலது? கானான் என்றால் மலாயில் வலது என்றும் ஒரு பொருள் உண்டு. வலது எதுவென்று தெரியாத லஸ்கார் கானான் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர்கள் வேலியை நெருங்கிவிட்டார்கள். எனக்கோ அந்தச் சொல்லே மறந்துவிட்டது. கடைசியில் வாயில் வந்தது, வாடகைக் காரை நிறுத்தச் சொல்லும் வாசகம்.

"பாஸ்! பாஸ்! சினி, சினி!"

முன்னால் போனவன் வேலியில் முட்டினான். பின்னால் வந்தவர்கள் அவன் முதுகில் முட்டினார்கள்.

சீஃப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அபாங், இனி புக்கான் டெக்ஸி லா," என்றார். இது டாக்ஸி இல்லை அண்ணே என்று அர்த்தம். அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பக்கத்தில் வந்து தோளில் தட்டி, மெதுவாக, "பென்சென் புன் செடாப், அபாங்," என்றார். பென்ஷனும் சுகம்தானாம்.

கேலி எனக்குப் புதிதல்ல. நானே கடை விரித்து விற்பவன். பரிதாபம்தான் தாங்கவில்லை. யாருக்கு வேண்டும் உன் செடாப், பார்த்துவிடலாம் வா என்று மனதுக்குள் சவால் விட்டேன். வெளியே, "பாய்க், சீஃப்," என்று பணிவாகத் தலையாட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை மனைவியைப் பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடையில் விட்டுவிட்டு, நடைபாதையில் போகிறவர்களின் கால்களைப் படிக்க ஆரம்பித்தேன். யாராவது ஒருவர் பின்னால் நடந்து, "இடது, வலது" என்று முணுமுணுத்து, அவர் சிவப்பு விளக்கில் நிற்கும் நேரம் பார்த்து "ஹெந்தி" என்பேன். நின்றால் எனக்கு வெற்றி. நாலைந்து பேர் நன்றாகவே நின்றார்கள். அடுத்து பூப்பையோடு போன ஒரு பெண் சட்டென்று திரும்பிவிட்டார்.

"என்ன அங்கிள், ரொம்ப நேரமா பின்னாலேயே முணுமுணுத்துக்கிட்டு வரீங்க?"

"பரீட்சைக்குப் படிக்கிறேங்க்கா."

"என் காலப் பாத்தா?"

"இடது கால மட்டுந்தான்."

இதைவிடக் கேவலமான பதிலை யாரும் யோசித்துச் சொல்ல முடியாது. நல்லவேளை, மனைவி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மன்னிச்சிருங்க சிஸ்டர். நேவியில பரீட்சை வச்சு இவர இப்படி ஆக்கிட்டாங்க."

காரில் வரும்போதுதான் உறைத்தது. கோளாறு கால்களில் இல்லை, என் வாயில்தான். இருபது வருடத்தில் நான் யாருக்கும் ஆணை இட்டதே இல்லை. எதையும் ஒரு ஜோக் சொல்லி, கெஞ்சி, குழைந்துதான் வாங்கியிருக்கிறேன். அதனால் ஆணியில் தொங்கிய சட்டையையே அணிவகுப்பாக வைத்துக்கொண்டேன். தினமும் அதன் முன்னால் விறைப்பாக நின்று, நேராக நில் என்பதற்கான கட்டளையை மலாயில் கத்துவேன்.

"செடியா!"

அடுக்களையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கிள்ளானில் எங்களோடுதான் இருக்கிறார்.

"எந்தச் செடி மாப்பிள்ளை?"

"செடி இல்ல அத்தை. கவாத்துப் பரீட்சைக்குப் பழகுறேன்."

"அப்ப செடிதானே?"

அவர் மேல் தப்பில்லை. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து என்றால் செடியை மட்டமாக வெட்டிவிடுவது. கடற்படையில் ஆட்களை நடக்கவிட்டு நிறுத்துவதுதான் கவாத்து என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப எதுக்கு அந்தச் சட்டையப் பாத்துக் கத்துறீங்க?"

"பரீட்சையில தோத்தா அதத்தான் போட்டுக்கணும், அத்தை."

அவர் சட்டையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பரீட்சைக்கு முந்தின நாள் ஆணி காலியாக இருந்தது. அடுப்பு மேடையில் நான்கு துண்டுத் துணிகள் கிடந்தன. ஒன்றில் மட்டும் பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"செடியா செடியான்னு அதப் பாத்துத்தானே கத்துனீங்க. கவாத்து பண்ணிட்டேன்," என்றார் அத்தை. முகத்தில் சிரிப்பே இல்லை.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து நின்றான். "அம்மா! அது கம்பெனி சட்டைம்மா!"

"கம்பெனிக்கு வேற தச்சுக்க. அவர் வேலையில இருக்காரு."

மறுநாள் அதே மைதானம், அதே வேலி. மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, பக்கத்தில் சீஃப். "செப்பாட் ஜாலான்" நன்றாகவே போனது. நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் அந்தப் பாழாய்ப்போன சொல் மறுபடியும் மறந்துபோனது. வேலிக்கு இன்னும் ஆறு அடி. சீஃப் கண்ணை மூடிக்கொண்டதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். போயும் போயும் இந்த வேலியிடமா தோற்பது?

"பெலாக்காங் பூசிங்!"

பன்னிரண்டு பேரும் பின்பக்கம் திரும்பி என்னை நோக்கி வந்தார்கள். இந்த முறை கால்களைப் பார்க்கவில்லை. தரையில் விழும் சத்தத்தை மட்டும் கேட்டேன். சொல் தானாக வந்தது.

"ஹெந்தி!"

நின்றார்கள்.

திரும்பும் கட்டளை இன்றைய வரிசையில் இல்லையே, ஏன் கொடுத்தாய் என்று அதிகாரி மலாயில் கேட்டார். வேலி இருந்தது துவான் என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார்.

கட்டளை வரிசையை மீறியதற்கு மதிப்பெண் குறைத்தார்கள். எழுத்துத் தாளில் எப்படியோ கரையேறினேன். தேர்ச்சிப் பட்டியலில் கடைசிக்கு முந்தைய பெயர் என்னுடையது.