மூன்றாம் எண்ணின் பதில்

கூப்பிட்டால் சகாதேவனுக்குப் பதில் சொல்ல நான்கு பெட்டிகள்தான் இருந்தன. மனைவி மணியம்மாள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். படகு தள்ளும்போது கால் முறிந்ததில் மீன்பிடிக்க ஏரிக்குப் போவதும் நின்றது. ஏரியில் பாடு என்றால் முறை: அன்றைக்கு யார் முறையோ அவர்தான் வலை போடலாம். ஆள் வராவிட்டால் முறை காலியாகக் கிடக்கக் கூடாது, இன்னொருவர் அதில் நின்றுகொள்வார். சகாதேவன் பெயரில் தம்பி ரங்கன் நின்றான். கால் தேறியும் முறையைத் திருப்பிக் கேட்கச் சகாதேவனுக்கு வாய் வரவில்லை.

1988இல் சென்னை ஆராய்ச்சிக்காரர்கள் தண்ணீர் மட்டமும் உப்பும் அளக்க ஏரியில் மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினி உள்ள நான்கு பெட்டிகளை வைத்து, ஆளுக்கொரு எண் கொடுத்து, ஒரே கேபிளில் கோத்தார்கள். காவலுக்குச் சகாதேவன். பழவேற்காட்டு அறையில் இருந்த தலைமைப் பெட்டி ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடும். அந்த எண் உள்ள பெட்டி மட்டும் பதில் சொல்லும், அது பேப்பரில் அச்சாகும். "வந்துட்டியா?" என்று ஒவ்வொன்றையும் விசாரிப்பான். பைத்தியம் என்று யாராவது நினைத்திருந்தாலும் அவனுக்குக் கவலையில்லை.

பெட்டிகள் பேச்சைக் குழப்பத் தொடங்கி இரண்டு வாரம். மூன்றுக்கு நேரே கோணல்மாணல் எழுத்துகள், நான்குக்கு நேரே ஒன்றுமே இல்லை.

"வெள்ளிக்கிழமை பெரியவங்க வர்றாங்க அண்ணே," என்றான் இன்ஜினியர் சாலமன். "நாலும் சரியாப் பேசலன்னா எல்லாத்தையும் கழட்டிடுவாங்க."

"கழட்டிட்டா நான் யாரோட சார் பேசறது?"

சாலமன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சகாதேவன் உப்புப் பூத்த இணைப்புகளைச் சுரண்டினான். கிரீஸ் தடவினான். படகில் போய்க் கேபிளை முழுக்கக் கையால் தடவிப் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் மூன்றாம் பெட்டியையே கழற்றி அறைக்குக் கொண்டுவந்து மடியில் வைத்துத் துடைத்தான்.

தலைமைப் பெட்டி மூன்றைக் கூப்பிட்டது. சுத்தமாகப் பதில் அச்சானது.

சகாதேவன் குனிந்து மடியைப் பார்த்தான். மூன்று அவன் மடியில் கிடக்கிறது, அங்கே மூன்றாக யார் பேசுவது?

பிறகுதான் உறைத்தது. இரண்டு மாதம் முன்பு மூன்றாம் பெட்டி ரிப்பேருக்குப் போனது. முறை காலியாகக் கிடக்கிறதே என்று, நான்காம் பெட்டிக்குள் இருந்த குட்டி ஸ்விட்சுகளைத் தள்ளி அதற்கு மூன்றாம் எண்ணைக் கொடுத்தவன் அவனேதான். கடைசி ஆள் முன்னால் நகர்ந்தால் யாருக்கு நஷ்டம் என்ற நினைப்பு. இரண்டு வாரம் முன்பு மூன்றாம் பெட்டி திரும்பி வந்தபோது, எண்ணை மாற்றியதை மறந்தே போனான். ஒரே எண்ணுக்கு இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன.

இருட்டுவதற்குள் ஸ்விட்சுகளைப் பழையபடி தள்ளி, மூன்றையும் அதன் இடத்தில் மாட்டினான். வெள்ளிக்கிழமை நான்கும் வரிசையாகப் பேசின. பெட்டிகள் இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவனுக்கு ஒரு தைரியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் பாடு முறைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். முறையைக் கேட்டுவிடுவது என்றே போய் நின்றான்.

"சகாதேவன்!" என்று பெயர் கூப்பிட்டார்கள்.

"இருக்கேன்!" என்றான் ரங்கன், திரும்பிக்கூடப் பார்க்காமல். அவன் தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

சகாதேவனுக்கும் 'இருக்கேன்' என்பது வாய்வரை வந்துவிட்டது. ஒரே பெயருக்கு இரண்டு பேர் பதில் சொன்னால் என்ன ஆகும் என்று இரண்டு வாரம் பார்த்தவன் அவன். வாயை மூடிக்கொண்டு அறைக்கு நடந்தான்.